வேறு வண்டியின் ஒயில் பில்டர்

என் கணவரின் இடக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஓர் ஒயில் பில்டர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சிரித்தால் எனக்கு ஒன்றும் கோபமில்லை. நானும் ஒருமுறை சிரித்தவள்தான்.

கண்டிப் பக்கத்தில் காரை சேர்விசுக்குக் கொடுப்பது என்றால் கொடுத்துவிட்டு வருவது அல்ல, கூடவே இருப்பது. காலையில் போய், வேலை முடியும்வரை கராஜ் வாசலில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டுக்கொண்டு காவல் காக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால், ஜப்பானிலிருந்து வண்டியோடு வந்த நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஏதோ ஒன்றைப் பூட்டிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். யாருக்கு அப்படி நடந்தது என்று கேட்டால், மச்சானின் கூட்டாளிக்கு நடந்தது என்பார்கள். அந்த மச்சானைத் தேடிப் பிடித்தால் அவர் இன்னொருவரைக் கை காட்டுவார். வாகன இறக்குமதி நின்றுபோயிருந்த வருடங்களில் இந்தப் பயம் இன்னும் முற்றிவிட்டது. புதுக் கார் வர வழியில்லை என்றானதும் அவரவர் பழைய கார் அவரவருக்குச் செல்லப் பிள்ளை ஆகிவிட்டது.

இந்தச் சந்தேகப் பிராணிகளுக்காகவே எங்கள் கராஜ்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கழற்றிய பழைய சாமானை வீசுவதில்லை. பில்டரோ, தேய்ந்த பிரேக் பேட்டோ, எதுவானாலும் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒரு பையில் போட்டு, காரின் டிக்கியில் வைத்து அனுப்புவார்கள். 'இதோ பார், மாற்றிவிட்டேன்' என்பதற்கு அதுதான் சாட்சி. மற்ற வீடுகளில் அந்தப் பை நேரே குப்பைக்குப் போகும். எங்கள் வீட்டில் என்னிடம் வரும்.

நான் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவது, அமிலப் போத்தல்களை அடுக்குவது, பிள்ளைகள் கையிலிருந்து தவளை தப்பி ஓடினால் பிடித்துக் கொடுப்பது, இவைதான் என் வேலை. எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத குணம் இந்த வேலையால் வந்ததா, அந்தக் குணம் இருந்ததால் இந்த வேலைக்கு வந்தேனா என்று எனக்கே தெரியாது. "மூக்க நுழைக்கிறதுக்கும் சம்பளம் குடுக்குறாங்களே" என்பார் கணவர். ஒவ்வொரு சேர்விசுக்குப் பிறகும் பழைய காற்று பில்டரைக் குசினி வாசலில் தாள் விரித்துத் தட்டிப் பார்ப்பேன். தேனீயின் சிறகு வரும். மே மரப் பூவின் சருகு வரும். ஒருமுறை தேங்காய்த் தும்பு வந்தது. எந்த மரத்தின் கீழ் நிறுத்தினோம், எந்த வீதியில் தூசு குடித்தோம் என்று எனக்கு ஒரு கதையே கிடைத்துவிடும். தேய்ந்த பிரேக் பேட்டைக் கையில் எடுத்தால், கடுகண்ணாவை மலை இறக்கம் முழுவதும் இதில்தானே கரைந்து போயிருக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும்.

கணவர் பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தால், எந்த இடத்தில் நூல் ஒரு மயிரளவு விலகியிருக்கிறது என்று உடனே விரல் வைப்பார். கடையில் துணி வாங்க அவரோடு போவது ஒரு தண்டனை. கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் நல்ல துணியை மட்டும் எடுத்துப் போடுவார்கள். கட்டுகஸ்தோட்டையில் மேட்டில் இருக்கிறது எங்கள் வீடு. வாசலில் நிற்கும் சின்னச் சாம்பல் நிறக் காரை தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வந்து அவரே கழுவுவார். வேறு யாரையும் ஓட்ட விட மாட்டார். நான் என்றோ எடுத்த ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே தூங்குகிறது.

அந்த முறை சேர்விசுக்கு அவர் நான் வேலைக்குப் போகும் பாடசாலை நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். காலையில் காரோடு போனவர் பின்னேரம்தான் வந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"சேர்விஸ் முடிஞ்சிருச்சு. பழைய பில்டர் டிக்கியில கெடக்கு."

நான் கேட்பதற்கு முன்பே சொன்னதுதான் முதல் ஆச்சரியம். வழக்கமாக அந்தப் பையை நானாகப் போய் எடுப்பேன், அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

பையைத் திறந்தேன். தாளில் எண்ணெய்க் கறை இல்லை. அன்று கழற்றிய ஒயில் பில்டர் என்றால் தாள் ஊறிப்போயிருக்கும், டிக்கியெல்லாம் வாசம் அடிக்கும். பிரித்தால் உள்ளே இருந்த பில்டர் பெரிய பால்மா டின் அளவு. எங்கள் காரினுடையது என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! திருப்பிப் பார்த்தேன். அதன் வாயில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. நல்ல உறுதியான, பல நாள் வேலை.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு குதூகலம்தான் வந்தது. நூல் விலகினால் கண்டுபிடிக்கிற மனிதர், ஒரு பொய்க்குச் சாட்சியாக லொறி பில்டரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு, சேர்விஸ் செய்யாமல் செய்தேன் என்று சொல்வதற்கு ஒரு பழைய பில்டர் வேண்டும் என்று தோன்றும்?

"கராஜ் நாநா சொகமா இருக்காரா?" என்று உள்ளே போய்க் கேட்டேன். எங்கள் காரை வழக்கமாகப் பார்க்கிறவர் அவர்தான்.

"ம்... நல்லா இருக்காரு" என்றார் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

அப்படியானால் நாள் முழுக்க எங்கே போயிருந்தார்? இந்த வயதில் வேறொரு பெண்ணோ என்றுகூட யோசித்தேன். யோசித்துவிட்டுச் சிரித்தேன். காதலியைப் பார்க்கப் போகிறவன் திரும்பும்போது சிலந்தி வலையோடு ஒரு பில்டரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவானா? நேரடியாகக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவராகச் சொல்வார் என்று நினைத்தேன். அதோடு, விடையைக் கேட்டு வாங்குவதில் எனக்கு ருசி கிடையாது. கண்டுபிடிக்க வேண்டும்.

அதன்பிறகு அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். பொழுது சாய்ந்தால் அவர் காரை எடுப்பதில்லை. "அந்த நேரத்துல சந்தியில ஒரே நெரிசல்" என்பார். வளைவுகளில் தேவையில்லாமல் ஹோர்ன் அடித்தார். முன்பெல்லாம் வீட்டுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் காரைப் பின்பக்கமாகவே ஏற்றிவிடுவார், பாட்டுப் பாடிக்கொண்டு செய்வார். இப்போது காரை ஒழுங்கை வாயிலிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். "முழங்காலுக்கு நடக்கிறது நல்லதாம்" என்றார். இவ்வளவும் என் கண்ணில் பட்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்க எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் பில்டரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தவணைப் பரீட்சை முடிந்து பாடசாலை விடுமுறை விட்டது. அவர் சொல்கிறவராகத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நான் ஆரம்பித்தேன்.

"பிரேக்குல சத்தம் கேக்குதுங்க. நாநாகிட்ட காட்டுவோம்."

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலயே."

"எனக்குக் கேக்குது. சேர்விஸ் செஞ்சு இவ்வளவு நாளுக்குள்ள சத்தம் வரலாமா? என்னான்னு கேக்க வேணாமா?"

மறுக்க அவருக்கு வழியிருக்கவில்லை. மறுத்தால் சேர்விசைப் பற்றிப் பேச வேண்டிவரும். சாவியை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார்.

நம் நாட்டில் ஓட்டுகிறவர் வலப்பக்கம், பக்கத்தில் இருப்பவர் இடப்பக்கம். அந்த இடப்பக்கக் கதிரையில் எத்தனையோ வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பாதி நேரம் செபமாலை சொல்வேன், மீதி நேரம் தூங்குவேன். அன்று விழித்திருந்தேன். மேட்டிலிருந்து இறங்கும்போதே வேலியோரச் செடி என் பக்கக் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது. பஸ் தரிப்பில் நின்ற ஒரு பெண் குடையைச் சுருக்கிக்கொண்டு சட்டென்று பின்னால் போனாள். மகாவலிப் பாலத்தில் ஏறியதும், கைபிடிக் கம்பி உரசும் போல் கிட்டே வர, கையை ஜன்னலிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் வலதால எடுங்களேன்."

"எடம் தாராளமா இருக்குது" என்றார். அவர் பக்கத்தில் தாராளமாகத்தான் இருந்தது. வீதியின் நடுக் கோட்டை ஒட்டியே போகிறோம் என்று நினைத்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கராஜ் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இருக்கிறது. அதன் உரிமையாளரைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, நாநா என்றுதான் கூப்பிடுவார்கள். பருத்த உடம்பு, வாய் ஓயாது. கிரிக்கெட், காலநிலை, பிள்ளைகளின் படிப்பு, எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு முடிந்த முடிவு இருக்கும். பாதி பிழையாக இருக்கும். ஆனால் கேட்கச் சுவாரசியமாக இருக்கும். எங்களைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன சேர், ஆளையே காணல்ல! நான் நெனச்சேன் வேற கராஜுக்குப் போறாரு போலன்னு. சேர்விஸ் டைம் எப்பவோ தாண்டியிரிக்கும்!"

கணவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் போய் பிளேன்டீ சொல்லிட்டு வாரேன்" என்று வீதியைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். வழக்கத்தைவிட வேகமாகப் போனார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

"முழு சேர்விசையும் செஞ்சிடுங்க நாநா. நான் பாத்துக்கிட்டு நிப்பேன்" என்றேன்.

"மிஸ் பாக்காம இருந்தாத்தான் எனக்கு அதிசயம்."

பொனட்டைத் திறந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்துக் காட்டினார். "பாருங்க மிஸ், இது ஒயிலா, கித்துள் பாணியா?" உண்மையில் பாகு மாதிரித்தான் கறுத்துத் தடித்திருந்தது. பிறகு காரை ஹொய்ஸ்டில் ஏற்றி மேலே தூக்கினார். காரின் அடிப்பக்கத்தைப் பார்க்கக் கிடைப்பது எனக்குத் திருவிழா. மேலே பளபளவென்று இருக்கிற காருக்குக் கீழே இவ்வளவு சேறும் துருவும் குழாயும் இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் வாயைப் பிளப்பேன். நாநா டோர்ச் அடித்துக்கொண்டே போனார், நானும் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனேன். கறுத்த ஒயில் வடிந்துகொண்டிருந்தது. சைலன்சரைத் தட்டிப் பார்த்தார். ரப்பர்களை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிரேக் பேட் மெலிந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார். இல்லாத சத்தத்தைச் சொல்லித்தான் வந்தேன், ஆனால் பேட் உண்மையாகவே முடிந்திருந்தது.

இட முன்சில்லுக்கு வந்ததும் நின்றார். "இது என்ன, யாரும் கடிச்சு வெச்சிரிக்காங்களா?"

ரிம்மின் விளிம்பு சுற்றிவரப் பிய்ந்திருந்தது. நடைபாதைக் கல்லில் உரசிய காயம். ஒன்று இரண்டல்ல, பழையதும் புதியதுமாக ஒன்றன்மேல் ஒன்று. டயரின் வெளியோரம் சீவியது போல் இருந்தது. இடப் பின்சில்லும் அதே கதி. காரை இறக்கச் சொல்லி, இடப்பக்கத்தை முன்னிருந்து பின்வரை நடந்து பார்த்தேன். எப்போதும் ஏறி இறங்குகிற பக்கம்தான், நின்று பார்த்தது அன்றுதான். பம்பரின் இட மூலையில் உரசல். பக்கக் கண்ணாடியின் முதுகில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். கைபிடியின் இடுக்கில் ஒரு பச்சை இலை சிக்கியிருந்தது. காலையில் தடவிய வேலியின் இலை.

"எலைன்மென்ட் பிழை மிஸ்" என்றார் நாநா, தீர்ப்பு வழங்கும் குரலில். "வண்டி லெஃப்டுக்கு இழுக்குது. இந்த ரோட்டுக் குழிக்கு எலைன்மென்ட் நிக்குமா? அவ்வளவுதான்."

"எலைன்மென்ட் பிழைன்னா டயர் தேயும், சரி. கண்ணாடியில எப்பிடி நாநா கீறல் வரும்?"

அவர் தாடியைத் தடவினார். "சேர் ஒழுங்கையால போறவருதானே..."

"ஒழுங்கைக்கு ரெண்டு பக்கமும் வேலி இருக்குதே."

நான் சுற்றிப்போய் வலப்பக்கத்தைப் பார்த்தேன். சின்னக் கீறல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கழுவலில் மின்னிக்கொண்டு, கடையில் நிற்பது போல் நின்றது. ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தானே செய்து காட்டுகிறோம்: இரண்டு செடி, ஒரே மண், ஒரே தண்ணீர், ஒன்று மட்டும் வாடினால் எதை மாற்றினோம் என்று தேடு. இங்கே கார் ஒன்று, வீதி ஒன்று, ஓட்டுகிறவரும் ஒருவர். ஒரு பக்கம் மட்டும் வாடியிருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அந்தப் பக்கத்தில் என்ன குறைகிறது?

அந்தக் கேள்வி மனதில் முழுதாக உருவாகும்போதே, அவர் இரண்டு கைகளிலும் பிளேன்டீக் கிளாஸ்களைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார். நான் தூண் பக்கத்தில் நின்றிருந்தேன். வந்தவர் எனக்கு மிக அருகில் நின்றார். நான் அவருடைய இடப்பக்கம். கையை நீட்டினால் தோளைத் தொடலாம். நான் நீட்டவில்லை, மூச்சும் விடவில்லை.

அவர் நாநாவைப் பார்த்துக் கேட்டார். "எங்க, இவ எங்க போயிட்டா?"

நாநா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தார். கையிலிருந்த தேத்தண்ணி தளும்பி விரலில் கொட்டியது. "அட, நீ... சத்தமில்லாம நின்னா எப்பிடித் தெரியும்?" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும் என்று ஓடி வந்த எனக்கு, அந்த இடத்தில் அப்படியே திரும்பி ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அவர் மறுபடியும் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போய்விட்டார். நாநா வேலையைத் தொடர்ந்தார். புது பேட் பூட்டினார், புது ஒயில் ஊற்றினார். ஏசிக்கு என்று காருக்குள் ஒரு பில்டர் இருக்கிறது. முன்பக்கம் சாமான் வைக்கிற சின்னப் பெட்டியைக் கழற்றினால்தான் அது கைக்கு வரும். நாநா பெட்டியை இழுத்துக் கழற்றியதும், அதற்குப் பின்னாலிருந்து கசங்கிய கடதாசி உறை ஒன்று காலடியில் விழுந்தது. எடுத்து என்னிடம் தந்தார்.

உள்ளே கண்ணுக்கு விடும் துளிமருந்து. இரண்டு சின்னப் போத்தல். 'இடக் கண், இரவில் ஒரு துளி' என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. இரண்டு மூடியின் முத்திரையும் உடைபடவில்லை. பில்டரோடு வந்த அந்த நாளில்தான் இதையும் கொண்டுவந்திருக்கிறார் என்று அப்போது விளங்கியது. பரீட்சைக் காலம் முழுவதும் இந்த மருந்து டேஷ்போர்டுக்குள் இருட்டில் கிடந்திருக்கிறது. அந்தக் கண்ணும் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

நாநா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வேண்டியதைவிட அதிக நேரம் கழுவினார். கணவர் வந்ததும், சாவியைத் தன் விரலிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"சேர், பேட் புதுசு. நான் ஓட்டிப் பாக்கோணும். நீங்க ரெண்டு பேரும் பின்னால இரிங்க, அப்பிடியே வீட்டடியில விட்டுட்டு நான் ஆட்டோவுல வந்துருவன்."

புது பேட் போட்டால் சந்திவரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். வீடுவரை ஓட்டிப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கணவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பின்கதவைத் திறந்து ஏறினார். சொந்தக் காரின் பின்கதிரையில் அவர் உட்கார்ந்தது அன்றுதான். எனக்கு இடம் விட்டு நகரப் போனார். நான் சுற்றிப்போய் அவருடைய வலப்பக்கமாக உட்கார்ந்தேன். என்னைத் தெரியட்டும் என்று.

கார் பாலத்தை நெருங்கியது. உறையை அவர் மடியில் வைத்தேன். அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"அந்த பில்டர எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன். எவ்வளவோ கேட்க இருந்தும் இதுதான் முதலில் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போற ரோட்டுல... லொறி கராஜ் வாசல்ல கெடந்துச்சு."

"தரம் பாக்குற மனுசன், சைஸ் பாக்கலயா?"

"அவசரத்துல பாக்கல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முன்னால் நாநா கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல் வீதியையே பார்த்து ஓட்டினார்.

"கண்ணுக்குள்ள அழுத்தமாம்" என்றார் கொஞ்சம் கழித்து. "ஓரத்துலேருந்து சுருங்கிக்கிட்டு வருமாம். போனது போனதுதானாம், திரும்பி வராதாம். மருந்து விட்டா இருக்கிறதக் காப்பாத்தலாமாம். எவ்வளவு போயிருக்குன்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு, வீட்டாளு ஒருத்தரோட வாங்கன்னு சொன்னாங்க. நான் போகல."

"மருந்தையாவது விட்டிருக்கலாமே?"

"விட்டா வருத்தக்காரன், நோயாளின்னு ஆயிடுவேன்னு நெனச்சேன்."

இது என்ன பேச்சு என்று சீறப் போனேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்பாவுக்கும் இப்பிடித்தான். தேயிலைத் தோட்டத்துல லயத்து வீட்டுலேருந்து கக்கூசுக்கு நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவேன். மத்த ஆளுக பாப்பாங்க. அப்பா தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவாரு. என்னைய யாரும் அப்பிடிக் கூட்டிக்கிட்டுப் போகக் கூடாது."

இத்தனை வருடத்தில் இதை எனக்குச் சொன்னதில்லை. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கை என்றுதான் எனக்குத் தெரியும். இரக்கம் வர வேண்டிய இடம். எனக்கு வந்தது ஆத்திரம். பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

"ஒங்கப்பாவுக்கு மருந்து கெடைக்கல. ஒங்களுக்குக் கெடைச்சும் டேஷ்போர்டுக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க!" என்று கத்தினேன். "போன கண்ணுக்கு நான் அழ மாட்டேன். இருக்கிற கண்ண விட்டுடுவேன்னு மட்டும் நெனக்காதீங்க."

மேட்டின் வளைவில் நாநா பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கார் கப்பென்று நின்றது. "பிரேக் நல்லம்" என்றார், யாருக்கும் சொல்லாதது போல. வீட்டு வாசலில் சாவியை என் கையில் தந்தார். அவர் கையில் தரவில்லை. கணவர் அதைப் பார்த்தார்.

அன்று முதல் இரவில் துளி விடுவது என் வேலை. முதல் நாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், மருந்து கன்னத்தில் ஓடியது. "ஆய்வுகூடத்துத் தவளையே இதவிட ஒழுங்கா இருக்கும்" என்று திட்டித்தான் இரண்டாவது துளியை விட்டேன்.

அடுத்த கிளினிக் நாளில் பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். இறங்கி வீதியைக் கடக்கும்போது நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. இடப்பக்கமாக, தோளில் தோள் உரசும்படி நடந்தேன். கணவனும் மனைவியும் நெருக்கமாக நடக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

டெஸ்ட் எடுக்கும் அறை ஒரு திரைக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்த தாதி சிங்களப் பெண், தமிழ் நன்றாகப் பேசினாள். அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பேன்? அவளும் சலிக்காமல் சொன்னாள். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து, நடுவில் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிவர அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன வெளிச்சம் வந்து வந்து மறையும். தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும், தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். எவ்வளவு எளிமையான யோசனை! ஆய்வுகூடத்தில் இப்படி ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்றுகூட நினைத்தேன்.

முதலில் வலக் கண். நான் திரைக்கு இந்தப் பக்கம் மர வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டக், டக், டக் என்று பொத்தான் சத்தம் விடாமல் வந்தது. சில நேரம் இரண்டு சேர்ந்தாற்போல் வரும், கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. எனக்கும் வந்துவிட்டது. பரவாயில்லை, நான் பயந்த அளவுக்கு இல்லை என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு கண்ணை மாற்றினார்கள். இடக் கண். டக் என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். அப்புறம் ஒன்றும் இல்லை. நான் காதைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனேன். விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் தொடங்கவில்லை போலும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்களை டொக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள், அவர்களும் எழுந்து போய்விட்டார்கள். அப்போதும் சத்தம் இல்லை. இயந்திரம் நின்றுவிட்டது என்று எனக்கு உறுதியாகப் பட்டது. எழுந்து போய்த் திரையோரம் நின்ற தாதியிடம் சொன்னேன்.

"மிஸ், மெஷின் நின்னுபோச்சு போல. சத்தமே வரல."

அவள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இல்ல அம்மா. மெஷின் நல்லா வேலை செய்யுது."

திரையின் இடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, பொத்தானின்மேல் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளிச்சங்கள் அவரைச் சுற்றி வந்து வந்து மறைந்துகொண்டிருந்திருக்கும். சும்மாவாவது ஒருமுறை அழுத்துங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. அவர் அழுத்தவில்லை.